பள்ளியும் ஊரும்

வெற்று நிலத்திற் புதியதோர் பள்ளியை எழுப்புதல் அத்துணை அரிய செயலன்று. நிலமும் பொருளும் நல்ல கொத்தரும் வாய்ப்பின் அஃது இனிதே முடியும். ஆனால், நாடோறும் பிள்ளைகள் வந்து பயின்று செல்லும் பழைய பள்ளியொன்றை, அவர்தம் கல்விக்கும் உயிருக்கும் இடையூறு நேராவண்ணம் புதுக்குதலே அரிது. குடியிருந்துகொண்டே கூரையைப் பிரித்து மேய்வதற்கு அது நிகராகும். அத்தகைய பணியொன்றில் இரண்டாண்டுகளாக ஈடுபட்டிருக்கும் பேறு அடியேனுக்கு வாய்த்தது. அதனால் யான் அறிந்தவற்றுட் சிலவற்றை நம் கல்லூரி நண்பர்களுக்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தென்று கருதி இதனை வரையலானேன்.

எனது ஊராகிய கருமத்தம்பட்டி, கோயமுத்தூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. தெற்கே சோமனூரும் வடக்கே அன்னூரும் உள. 1846-ஆம் ஆண்டில், பின்னாளில் ஆப்பிரிக்க வேதபோதக சங்கத்தை நிறுவிய பிரெசிலாக் என்பார் ஆயராக அபிடேகம் பெற்றது இவ்வூரிலேயாம். 2021-ல் இவ்வூர் நகராட்சியாக உயர்த்தப்பெற்றது. எனினும், இங்கே வாழ்வாரிற் பலர் இன்றும் விசைத்தறியை நம்பிப் பிழைப்பவரே. தெருவிற் செல்வோர் செவியில் தறியின் ஓசை இடையறாது விழுந்துகொண்டிருக்கும்.

இவ்வூருக்கு அண்மையிலுள்ள அரசினர் பள்ளியொன்றின் மேலாண்மைக் குழுவில் யானும் ஓர் அங்கத்தினன். அப்பள்ளியில் இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒன்று, சுண்ணாம்புக் காரையாற் கட்டி மங்களூர் ஓடு வேய்ந்த பழைய மண்டபம். மற்றொன்று, பிற்காலத்தில் எழுந்த கான்கிரீட்டுத் தளமுடைய நான்கறை வரிசை. மண்டபத்தில் ஓடுகள் உடைந்து மழைநீர் ஒழுகிற்று. அறைகளின் தளத்திலோ அவ்வப்போது காரை பெயர்ந்து விழுந்தது. இவற்றை என் செய்வது என்பதே எங்கள் முன் நின்ற வினா.

இளைஞர் பலர், 'இரண்டையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, மாடிக்கட்டடம் ஒன்றை ஒருங்கே எழுப்புக' என்றனர். முதியோர், 'நாங்கள் படித்த மண்டபத்தைத் தொடலாகாது' என்றனர். அச்சம் இருபாலாரையும் பற்றியிருந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து வீழ்ந்து மாணாக்கர் மூவர் மாண்ட செய்தியை எவரும் மறந்திலர். ஆகவே, காலந்தாழ்த்தலும் பிழையே. அப்படியாயின், இடித்துவிட்டுக் கீற்றுக் கொட்டகையிட்டு வகுப்பு நடத்தலாமோ எனின், அதுவும் ஒண்ணாது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் காவுகொண்ட தீ, கீற்றுக் கூரையிற் பற்றிய தீயன்றோ? தகரக் கொட்டகையோ, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றுக்கு நில்லாது. நின்றாலும் சித்திரை வெயிலில் அதனடியில் இருத்தல் ஆகாது.

இந்நிலையில் அனுபவமிக்க பொறியாளர் ஒருவரை அழைத்து இரு கட்டடங்களையும் சோதிப்பித்தோம். அவர் கூறியது அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. பழைய மண்டபத்தின் சுவர்கள் உறுதியானவை. கைமரங்களிற் சிலவே கரையான் அரித்தவை. ஓடுகளை மாற்றிவிட்டால் அது பல்லாண்டு நிற்கும். புதியதென்று நாங்கள் எண்ணியிருந்த நான்கறை வரிசையிலோ தளத்தினுள் இருக்கும் கம்பிகள் துருப்பிடித்துப் பருத்துக் காரையைப் பிளந்திருந்தன. அன்றே அவ்வறைகளைப் பூட்டி, வகுப்புகளை மண்டபத்துக்கு மாற்றினோம்.

நோயை அறிந்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும் என்னும் இம்முறை புதியதன்று. பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் 1914-ல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை நேரிற் கண்டு அறிக்கை வரைந்தனர். அவற்றுட் கோயமுத்தூரும் ஒன்று. நெருக்கமான தெருக்களை நேராக்குவதன் பொருட்டு வீடுகளைக் கூட்டங்கூட்டமாக இடித்துத் தள்ளுதலை அவர் வெறுத்தார். உயிரைக் காக்கும் அறுவை மருத்துவனைப்போல், கெட்டதை மட்டும் அகற்றி நல்லதைப் பேணுக என்பதே அவர் கொள்கை. வீடு வீடாக, மரம் மரமாக நடந்து பார்த்த பின்னரே அவர் எழுதுகோலை எடுப்பாராம்.

நாங்களும் வரைபடம் ஒன்று எழுதுவித்து மண்டபத்துச் சுவரில் மாட்டி, ஊராரை அழைத்தோம். முதற் கூட்டம் புதன்கிழமை மாலையில் நடந்தது. கடைக்காரரும் ஓய்வுபெற்றோருமே வந்தனர். படத்தைப் புகழ்ந்து தேநீர் அருந்திச் சென்றனர். பெற்றோரிற் பெரும்பாலார் அந்நேரத்தில் தறியடியில் நின்றுகொண்டிருந்தனர். எனவே, அடுத்த கூட்டத்தைத் தறிகள் ஓயும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். அன்று மண்டபம் நிறைந்தது. மகளிர் பின்வரிசையில் வாளாவிருந்தனர். நெடுநேரங் கழித்து அவருள் ஒருவர் எழுந்து, "படமெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா, இதெல்லாம் முடியறவரைக்கும் பொட்டப்புள்ளைங்க எங்கீங்க போகும்?" என்று வினவினார். சபை அடங்கிவிட்டது. எங்கள் வரைபடத்திற் கழிப்பறைகள் இருந்தன. ஆனால், அவை கடைசியாகக் கட்டப்பெற வேண்டியவையாக இருந்தன. அவ்வொரு வினா எங்கள் வரிசையைத் தலைகீழாக்கிற்று.

அதன்பின் தலைமையாசிரியையார் ஒரு யோசனை கூறினார்: 'படத்தை விடுங்கள்; எல்லோரும் மண்ணில் நடந்து பார்ப்போம்.' மாணாக்கரும் பெற்றோரும் முதியோரும் சிறுசிறு குழுவாக வளாகத்தைச் சுற்றினர். எங்கே கட்டடம் வருமோ அங்கே சுண்ணாம்புக் கோடு கிழித்தோம். வளாகத்தைப் பெருக்கும் அம்மையார் ஓரிடத்தைக் காட்டி, ஐப்பசி மழையில் முழங்காலளவு நீர் நிற்பது இங்கேதான் என்றார். புதிய அறைகளின் அடித்தளத்தை அவ்விடத்தினின்றும் விலக்கினோம். முதியவர் ஒருவர், மேற்கே சன்னல் வைத்தால் ஆனி ஆடியில் புழுதியன்றி வேறொன்றும் வாராது என்றார். ஐந்தாம் வகுப்புச் சிறுமியொருத்தி வேப்பமரத்தைச் சுற்றிவந்து, 'சோறு உண்ணும் நேரத்தில் எங்கள் எல்லோருக்கும் நிழல் இங்கேதான் இருக்கும்' என்றாள். எங்கள் படத்தில் மாடிப்படி அம்மரத்தின் மேல் நின்றது! மரம் பிழைத்தது, படி வேறிடம் சென்றது.

இவ்வாறு கேட்டறிந்தவற்றைக் கொண்டு பணியை நான்கு படிகளாக வகுத்தோம். முதற்படி, கோடை விடுமுறையில் கழிப்பறைகளும் குடிநீர்த் தொட்டியும் அமைத்து, மண்டபத்தின் கைமரங்களையும் ஓடுகளையும் மாற்றிப் பலகைத் தடுப்புகளால் அதனை நான்கு வகுப்புகளாக்குதல். இரண்டாவது, பூட்டிய அறைகளைப் பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாட்களில் இடித்தகற்றுதல். மூன்றாவது, மேட்டுப் பாங்கான இடத்திற் புதிய அறைகளைக் கட்டி வகுப்புகளை அங்கே குடியேற்றுதல். நான்காவது, ஒழிந்த மண்டபத்தை நூல்நிலையமாகவும் சபாமண்டபமாகவும் ஆக்கி, மதிலையும் விளையாட்டு நிலத்தையும் செப்பனிடுதல். இவ்வரிசைக்கு இரண்டே விதிகள். மாற்றிடம் ஆயத்தமாகாமல் எதனையும் இடிக்கலாகாது. எந்தப் படியோடு பணம் நின்றுபோயினும், அதுவரை முடிந்தது தன்னளவில் முழுமையாய்ப் பயன்பட வேண்டும்.

இவ்விரண்டாம் விதியின் அருமை விரைவில் விளங்கிற்று. செல்வர் ஒருவர், செலவின் பெரும்பகுதியைத் தாமே தருவதாக முன்வந்தார். நெடுஞ்சாலையிற் செல்வோர் காண, தம் தந்தையார் பெயரோடு முகப்பு வளைவொன்றை முதலில் எழுப்புதல் வேண்டும் என்பதே அவர் நிபந்தனை. குழு இரவு பத்து மணிவரை வாதித்தது. பணமின்றிப் படிகள் எங்ஙனம் ஏறும் என்றனர் சிலர். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. முடிவில், கழிப்பறைக்கு முன் வளைவு இல்லை என்று தீர்மானித்தோம். செல்வர் விலகிக்கொண்டார். தறி வேலை செய்யும் தாய்மார் ஒருநாட் கூலியைத் தந்தனர்; பழைய மாணாக்கர் தம்மால் இயன்றதை அனுப்பினர். முதலிரு படிகளும் நிறைவெய்தின. மூன்றாவது படி அரசாங்கப் பொருளுதவியை எதிர்நோக்கி இன்னும் அடித்தளத்தளவிலேயே நிற்கிறது. ஆயினும், இன்று ஒரு பிள்ளையும் ஆபத்தான கூரையின் கீழ் இல்லை. ஒரு பெண்குழந்தையும் நாணி வீட்டுக்கு ஓட வேண்டுவதில்லை. பணி முற்றவில்லையேயன்றி, பயன் நின்றபாடில்லை.

ஊராரைக் கலந்து பள்ளியைப் பேணுதல் நம் நாட்டுக்குப் பழக்கமானதே. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958 முதற்கொண்டு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், பள்ளிக்கு வேண்டுவன யாவை என்று முதலிற் பட்டியல் வகுத்து, பின்னர் ஊரார் ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொண்டனர். படிப்படியாய் வளர்தலும் அவ்வாறே. தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1930-ல் கோயமுத்தூரில் ஒரே மாணாக்கனைக் கொண்டு தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயம், பின்னர்ப் பெரியநாயக்கன்பாளையத்திற் பல கலாசாலைகளாகப் பெருகியதை நாம் கண்கூடாகக் காண்கின்றோம். இந்நாளிற் சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவின் கடமை. ஆனால், சட்டம் நாற்காலியை மட்டுமே இடும். அதில் அமர்ந்தோர் வாய் திறப்பதற்கு உரிய நாளும் நேரமும் பொறுமையும் நாம் அளித்தல் வேண்டும்.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது, வடம் பிடிப்போர் எல்லோரும் ஒரே வலிமையுடையவரல்லர். ஆயினும், வழியிலுள்ள பள்ளத்தை முதலில் அறிவிப்பவன் பெரும்பாலும் சக்கரத்தருகே கட்டையுடன் நடக்கும் எளியவனே. நண்பர்காள், நும்முள் நாளை ஆசிரியராவோரும் பொறியாளராவோரும் அதிகாரிகளாவோரும் உளர். எங்கேனும் ஒரு பள்ளியைப் புதுக்கும் பொறுப்பு நுமக்கு வருமாயின், வரைபடத்தை விரிக்குமுன் வளாகத்தை ஒருமுறை சுற்றி வருக. அதனைப் பெருக்குவாரையும், அதிற் பயில்வாரையும், பின்வரிசையில் வாளா இருப்பாரையும் கேட்டறிக. அவ்வாறு கேட்டுக் கட்டிய சுவர், கட்டியவர் சென்ற பின்னும் ஊராராற் காக்கப்பெறும்.