டயரின் வலப்பக்கம்

நிவித்திகல, கலவானைப் பக்கம் பைக் ஓடுகிற தம்பிமாரே, உங்கள் டயரின் வலது ஓரத்தை ஒருக்கால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் இடது ஓரத்தைவிட அதுதான் கூடத் தேய்ந்திருக்கும். ரிம் கோணல் என்று பயப்பட வேண்டாம். நாம் ரோட்டின் இடப்பக்கம் ஓடுகிறோம். வலப்பக்க வளைவுகளில் நமக்கு வெளி வட்டம்தான் கிடைக்கும், சாய்ந்தபடி போகும் தூரம் அதிகம். மழைத்தண்ணீர் வடிய ரோட்டின் நடுவை உயர்த்திப் போடுவதாலும் அதே ஓரம்தான் உரசும். வலப்பக்கம் ஓடும் அமெரிக்காவில் இடது ஓரம் தேய்கிறது.

வயசையும் பாருங்கள்: டயரில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது.

இரத்தினபுரி மழையில் வழுக்குவது தேய்ந்த ஓரம்தான். நடுவில் வெட்டு ஆழமாக இருந்தாலும், ஓரம் மொட்டையானால் தயவுசெய்து டயரை மாற்றிவிடுங்கள்.