முதுகிலிருந்து கேரியருக்கு

6 அக்டோபர் 2025, திங்கள்

காலை 6.30. புந்தோங் இன்னும் இருட்டு. இந்த மாதம் ஈப்போவில் சூரியன் ஏழு மணிவாக்கில்தான் தலை காட்டுகிறது. பள்ளி மணியோ 7.30-க்கு. மோட்டாரை மகன் வேலைக்கு எடுத்துப் போகிறான். எனக்குச் சைக்கிள். சிலிபின் சாலையில் கொஞ்சம், பிறகு பழைய தோட்டத்து மண்சடக்கு. தூரம் பெரிதில்லை, பைதான் பெரிது.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் தமிழ் நோட்டு ஒரு கட்டு, வரலாற்றுப் பயிற்சி ஒரு கட்டு, மடிக்கணினி, சோற்று டப்பா, தண்ணீர்ப் போத்தல், மழைச்சட்டை. அத்தனையும் முதுகில். பள்ளி வாசலில் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அது லேசில் காயாது. முதல் பாடவேளை முழுக்கக் கரும்பலகைப் பக்கம் திரும்பாமலே சமாளித்தேன்.

7 அக்டோபர், செவ்வாய்

வியர்வையாவது பரவாயில்லை. பின்னால் லோரி வருகிறதா என்று திரும்பிப் பார்த்தால் பையும் சேர்ந்து திரும்புகிறது. ஹெண்டல் அந்தப் பக்கமே இழுக்கிறது. பாரம் தோள் உயரத்தில் இருப்பதால் சைக்கிள் சின்னதாக ஆடினாலும் மேலே பெரிதாக ஆடுகிறது. விளக்குச் சந்திப்பில் ஒரு காலை ஊன்றினால் பை என்னைச் சாய்க்கப் பார்க்கிறது. சாயங்காலம் மணிக்கட்டில் வலி. முதுகுப் பாரம் கைவழியாகத்தான் ஹெண்டலுக்கு இறங்குகிறது போலும்.

8 அக்டோபர், புதன்

வரலாற்றுப் பாடம்: ஜப்பானியர் வருகை. 1941 டிசம்பர் 8-ல் கோத்தா பாருவில் கரையேறியவர்கள், 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டார்கள். எழுபது நாள் கணக்கு. காட்டையும் ஆற்றையும் தாண்டி அவ்வளவு வேகமாக எப்படி வந்தார்கள் என்று கேட்டேன். "டாங்கி", "கப்பல்" என்று கத்தினார்கள். சைக்கிள் என்றதும் வகுப்பே சிரித்தது.

உண்மை அதுதான். ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் மிதித்தே தெற்கே இறங்கினார்கள். ஆளுக்கு முப்பது கிலோ அளவுக்குச் சாமான், துப்பாக்கி வேறு. போருக்கு முன்பே ஜப்பான் மலாயாவுக்கு மலிவு சைக்கிள்களை ஏற்றுமதி செய்திருந்தது. அதனால் போகிற ஊரிலெல்லாம் உதிரிப் பாகம் கிடைத்தது. கிடைக்காத இடத்தில் ஊர்க்காரர்களின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாலங்களைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கியது பிரிட்டிஷ் படை. இவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்து மறுபடியும் மிதித்தார்கள்.

நம் பேராக்கில் கம்பாரில்தான் அவர்களுக்குச் சரியான தடை விழுந்தது. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் அந்தக் குன்றுகளில் நின்று பிடித்தார்கள்.

"பங்ச்சர் ஆனா என்னா செய்வாங்க டீச்சர்?" என்றான் கடைசி வரிசைப் பையன். பழுது பார்க்கவென்று கூடவே ஆட்கள் வந்தார்கள். வெயிலில் டயர் வெடித்து மாற்று இல்லாதபோது, டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். தார்ச்சாலையில் எழுந்த அந்த இரும்புச் சத்தத்தை இரவில் கேட்டவர்கள் டாங்கி வருவதாக நினைத்துப் பின்வாங்கியதும் உண்டு.

அவ்வளவு சாமானையும் முதுகில் போட்டிருந்தால் கம்பார் வரைக்கும்கூட வந்திருக்க மாட்டார்கள். சைக்கிளில்தான் கட்டியிருந்தார்கள்.

10 அக்டோபர், வெள்ளி

மூன்று மணிக்கு இடி. கிளேடாங் மலை மறைந்த ஐந்தே நிமிடத்தில் மழை கொட்டியது. எனக்கு மழைச்சட்டை இருந்தது, பைக்கு இல்லை. வீட்டுக்கு வந்து நோட்டுகளை விசிறிக்கு முன்னால் விரித்துப் போட்டேன். சில பிள்ளைகளின் கட்டுரைகள் நீலக் கறையாகிவிட்டன. அரிசி வரும் தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை உள்ளுறையாகப் போட்டு வாயை மடித்துக் கட்டினால் போதும் என்று இப்போது படுகிறது.

11 அக்டோபர், சனி

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். புந்தோங் கச்சாங் பூத்தே கடைகளில் கூட்டம் நெரிகிறது. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வளர்த்த தொழில் இது. தலையில் பலகைத் தட்டோடு தெருத்தெருவாகப் போனார்கள், பிறகு சைக்கிளில் பெட்டி கட்டிப் போனார்கள். இன்று முறுக்கும் கடலையும் பொட்டலமாகிக் கார்களில் போகின்றன. கடைத் தராசில் என் பையையும் வைத்துப் பார்த்தேன். பத்துக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

பக்கோடா வாங்க வந்த பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். "என்னா டீச்சர், கல்லு சொமக்கிறீங்களா?" சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டியவராம். முதலில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் வாளி. பிறகு ஒரு பழைய ராலே சைக்கிள் வாங்கிக் கேரியரின் இரு பக்கமும் பால் டின்களைத் தொங்கவிட்டு, மேட்டுச் சடக்கிலிருந்து ஸ்டோருக்கு இறக்கியிருக்கிறார்.

"ஒரு பக்கம் ரொம்பி இன்னொரு பக்கம் கொறைஞ்சா, சைக்கிள் நேரா லொங்காங்குல கொண்டுபோய் விடும். பாலு சிந்தினா கிராணி எதை நிறுப்பாரு, எனக்கு எதைக் கணக்குப் போடுவாரு? அதனால கனத்தைக் கீழ எறக்கணும், ரெண்டு பக்கமும் சமமா பிரிக்கணும், ஆடாம கட்டணும்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முதுவுல போட்டா பாரம் உங்க மேல. கேரியர்ல போட்டா சக்கரத்து மேல. சக்கரத்துக்கு வலிக்காது, டீச்சர்."

12 அக்டோபர், ஞாயிறு

சைக்கிள் கடை. சீட்டுத் தண்டில் மட்டும் கவ்வும் கேரியர் ஒன்று மலிவாகத் தொங்கியது. கடை முதலாளி தவுக்கே தலையை ஆட்டினார். "சிக்கு, நோட்டுப் புத்தகத்துக்கு இது ஆகாது" என்று மலாயில் சொல்லிவிட்டு வேறொன்றை எடுத்தார். அதன் கால்கள் கீழே அச்சுக்குப் பக்கத்துத் துளைகளில் திருகி நிற்கின்றன. பாரம் நேராகச் சக்கரத்தில் இறங்கும். 25 கிலோ என்று பொறித்திருந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைகள். ஒற்றைக் கால் ஸ்டாண்டைக் கழற்றி இரட்டைக் கால் போட்டார். பாரத்தோடு நிறுத்தினால் ஒற்றைக் கால் மண்ணில் புதைந்து சைக்கிள் விழுந்துவிடுமாம். பின் டயருக்கு முன் டயரைவிடக் கூடுதல் காற்று. பின் சக்கரத்துக் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றை முடுக்கினார். பாரம் ஏற்றினால் முதலில் அறுவது அந்தக் கம்பிகள்தான் என்றார்.

மேல்கட்டுக்குப் பட்டை கேட்டேன். மூலையில் கிடந்த பழைய டியூபை எடுத்தார், வால்வை வெட்டி எறிந்தார், நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து முனையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இரவில் அந்தப் பட்டையைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1877-ல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒன்பது ரப்பர் கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார் அன்றைய பேராக் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ. அதில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் அன்று ரப்பரை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, தோட்டக்காரர்களுக்குக் காப்பிதான் பிடித்தது. 1888-ல் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து காப்புரிமை பெற்றார். முதலில் சைக்கிள், பின்னால் மோட்டார் கார். டயர் பாலைக் கேட்டது. காப்பியின் விலையும் சரிந்தது. காட்டை அழித்துப் பால்மரம் நட்டார்கள். நாகப்பட்டினத்தில் நம்மவர் கப்பலேறியதில் சைக்கிள் டயருக்கும் பங்கு உண்டு.

13 அக்டோபர், திங்கள்

முதுகு காய்ந்திருந்தது. அதைவிட, திரும்பிப் பார்க்க முடிந்தது.

கோளாறுகளும் உண்டு. மிதிக்கும்போது குதிகால் பையில் இடித்தது, பைகளை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளினேன். சீட்டுக்குக் கீழே இருந்த சிவப்பு விளக்கைப் பை மறைத்துவிட்டது. இருட்டில் கிளம்புகிறவளுக்கு அது ஆபத்து. கேரியரின் கடைசி முனைக்கு மாற்றிக் கட்டினேன். பிரேக் பிடித்தால் சைக்கிள் முன்பைவிடத் தள்ளிப் போய்த்தான் நிற்கிறது. ஈரத்தில் இன்னும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுவது கட்டாயம்.

பள்ளி வாசலில் பிள்ளைகளின் சைக்கிள்களைக் கவனித்தேன். பாதிக்கு மேல் கேரியரே இல்லை. புத்தகப் பை ஹெண்டலில் தொங்குகிறது. ஒரு பெண்பிள்ளையின் பைவார் முன் சக்கரக் கம்பியை உரசி உரசித் தேய்ந்து நூலாகியிருந்தது. அது கம்பிக்குள் போனால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பிள்ளை தலைகுப்புறப் போகும். வாரை முடிந்துவிட்டு, பையை முதுகில் மாட்டி அனுப்பினேன். முதுகில் பை வேண்டாம் என்பது எனக்குத்தான். ஹெண்டலில் தொங்குவதற்கு முதுகு எவ்வளவோ மேல்.

15 அக்டோபர், புதன்

மண்சடக்கின் இரு பக்கமும் இப்போது செம்பனை. லயங்கள் இல்லை, மாரியம்மன் கோயில் இருக்கிறது, பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. வளைவில் ஆறேழு பால்மரங்கள் மிச்சம். பட்டையில் உளிபோட்ட சாய்வுத் தழும்பு மேலேறிக் கிடக்கிறது, மங்கு கட்டிய கம்பி மரத்துக்குள் புதைந்துவிட்டது.

பெரியவர் சொன்ன சுங்கை சிப்புட் நினைவுக்கு வந்தது. 1948 ஜூன் 16 காலையில் எல்ஃபில் தோட்டத்து அலுவலகத்துக்கு மூன்று பேர் சைக்கிளில் வந்து துரையைச் சுட்டார்கள். அன்றே பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இரண்டு துரைகள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. வேலியும் கேட்டும் போட்டார்கள். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு உணவு போகக் கூடாது என்று, பால்வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் கேட்டில் நிறுத்திச் சோதித்தார்கள். சைக்கிள் பம்பிலும் தண்டிலும்கூட அரிசி ஒளித்துக் கடத்தப்பட்டதால் சைக்கிளையும் விடவில்லை. வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகவே தடை இருந்த இடங்களும் உண்டு. என் கேரியரில் சோற்று டப்பா கணகணவென்று ஆடிக்கொண்டு வந்தது. நிறுத்தி, டியூப் பட்டையை இன்னொரு சுற்று இழுத்துக் கட்டினேன்.

17 அக்டோபர், வெள்ளி

தீபாவளி விடுமுறைக்கு முன் கடைசிப் பள்ளி நாள். ஓய்வுப் பாடவேளையிலேயே பாதி நோட்டுகளைத் திருத்தி அலமாரியில் வைத்துவிட்டேன். மடிக்கணினி தேவைப்படும் நாளில் மட்டும் இனி வீட்டுக்கு வரும். பெரியவருக்கு இந்த வசதி இருக்கவில்லை, வெட்டிய பாலை அன்றே ஸ்டோரில் சேர்த்தாக வேண்டும். எனக்கு இருக்கிறது.

புதிதாக வந்த ஆசிரியை தானும் சைக்கிளுக்கு மாறப்போவதாகச் சொல்லி, என்ன வாங்கலாம் அக்கா என்று கேட்டாள். அச்சில் திருகும் கேரியர், இரண்டு பக்கப் பை, இரட்டைக் கால் ஸ்டாண்டு, பின் முனையில் விளக்கு, பைக்குள் ஒரு அரிசிப் பை. புதுச் சைக்கிளுக்கு அவசரப்பட வேண்டாம் என்றேன்.

விடுமுறை முடிந்து கூடும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர்கள் கேரியரையும் சேர்த்தே வாங்கிக் கொடுங்கள். பையை அதில் கட்டுவது எப்படி என்று ஒருநாள் கூட நின்று சொல்லிக் கொடுங்கள். கட்டுவதற்குப் பட்டை இல்லையென்றால், எந்தச் சைக்கிள் கடையிலும் பழைய டியூப் கிடைக்கும்.