ஒரு நாள் அவர்களுக்கு

சென்ற விடுமுறையில் பினாங்குப் பயணத்தை நானே திட்டமிட்டேன். அக்காள் பிள்ளைகள் இருவரும் கைப்பேசியிலிருந்து தலையே நிமிரவில்லை. இம்முறை ஒரு நாளை அவர்கள் கையில் விட்டேன். இளையவனுக்கு ஆர்மேனியன் தெருவில் 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் தீட்டிய சைக்கிள் ஓவியம். மூத்தவளுக்கு இரவில் சூலியா தெருச் சாலையோரக் கடையில் வான்தான் மீ.

நான் கேட்டது ஒன்றே ஒன்று: அதே தெரு முனையிலுள்ள நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைத்தான் ‘சூலியா’ என்று அழைத்தார்கள் என்றேன்.

“அப்போ இது நம்மாளுங்க தெருவா, சித்தி?” என்றாள் மூத்தவள். கைப்பேசி பைக்குள் போனது.

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு கிளம்புகிறீர்களா? பட்டியலை அவர்களே போடட்டும். ஓர் இடத்தை மட்டும் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.