நான்காவது கூறு

மருத்துவம் என்றவுடன் நம் மனக்கண்முன் முதலில் தோன்றுபவர் மருத்துவர். அடுத்துத் தோன்றுவது மருந்து. வள்ளுவப் பெருந்தகையோ அதனை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்ததே மருத்துவம் என்பது அவர் கருத்து. இவற்றுள் முதல் மூன்றைப் பற்றி உலகம் நிறையப் பேசியிருக்கிறது. நான்காவது கூறு மட்டும் பெரும்பாலும் உரையாசிரியர்களின் விளக்கத்தோடு நின்றுவிடுகிறது. அக்குறட்பாவை வகுப்பறையில் பல்லாண்டுகள் நடத்தியவன் நான். அந்நான்காம் கூற்றின் ஆழம் எனக்கு நன்கு புலப்பட்டது ஒரு சிற்றூரின் திண்ணையில்தான்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுடன் அவ்வூரில் சில நாள்கள் தங்கியிருந்தேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அருகிலிருந்த பேரூரின் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடைபெற இருந்தது. மாணவர்கள் வீடு வீடாகச் சென்று செய்தி சொன்னார்கள். ஒரு கூரை வீட்டுத் திண்ணையில், இரு கண்களிலும் புரை விழுந்த மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். "பாட்டி, காசே வாங்க மாட்டாங்க. கண்ணு நல்லாயிடும்" என்று மாணவர் ஒருவர் எடுத்துரைத்தார்.

மூதாட்டி பொறுமையாக விடையிறுத்தார்: "காசு வேணாமுன்னு சொல்றீக, சரி தம்பி. நான் போயிட்டா இந்த ஆட்டுக்கு யாரு குழை ஒடிச்சுப் போடுவா? பஸ்ஸுல ஏத்திவிட ஒரு ஆளு வேணும், எறக்கிவிட ஒரு ஆளு வேணும். மகன் கூலிக்குப் போறவன். அவன் எங்கூட வந்தா அன்னைக்கு அடுப்பு எரியாது."

மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது, கட்டணமும் இல்லை. ஆயினும் அந்த அம்மையாருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்திற்கும் இடையே ஓர் ஆடும், ஒரு பேருந்தும், ஒரு நாள் கூலியும் குறுக்கே நின்றன. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஆட்டைப் பார்த்துக்கொள்ள இசைந்தார். மாணவர் இருவர் அவருக்குத் துணையாகச் சென்றனர். அறுவை இனிதே முடிந்தது. கட்டு அவிழ்த்த பின்பு அவர் முதலில் விசாரித்தது தம் ஆட்டைப் பற்றித்தான் என்று மாணவர்கள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

இஃது ஒரு மூதாட்டியின் நிலை மட்டுமன்று. தென்தமிழகச் சிற்றூர்களில் நடத்தப்பெற்று 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, கண் குறைபாடு உடையோரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இலவச முகாமிற்கு வரவில்லை எனக் கண்டது. அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு ஆகியவை தடைகளாக இருந்தன. சிகிச்சை இலவசம் என்றால் செலவு எங்கிருந்து வந்தது என்று வினவலாம். பேருந்துக் கட்டணமும், உடன் வருவோரின் உணவும், இழந்த கூலியும் செலவுதானே!

இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டவர்களுள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி (1918–2006) குறிப்பிடத்தக்கவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்ட அப்பெருமகனார், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் அம்மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்த இயன்றவர் தரும் தொகையைக் கொண்டு இயலாதவர்க்கும் மருத்துவம் செய்வது அதன் நெறி. முகாமில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பேருந்தில் அழைத்துச் சென்று, உணவும் இடமும் தந்து, அறுவை முடித்து, மீண்டும் ஊர் சேர்ப்பது அதன் வழக்கமாயிற்று. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட கண் லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாக் கனியாக இருந்தது. எனவே 1992ஆம் ஆண்டு ஆரோலேப் நிறுவப்பட்டு, மதுரையிலேயே குறைந்த விலையில் லென்ஸ் செய்யப்பட்டது.

முகாம் ஆண்டில் சில நாள்களே நடைபெறும். கண்ணோய் அந்நாள்களைப் பார்த்து வருவதில்லை. ஆகவே 2004ஆம் ஆண்டு முதல் சிற்றூர்களை ஒட்டிய இடங்களில் நிலையான பார்வை மையங்கள் தோன்றலாயின. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்துப் படமெடுத்து அனுப்புவார். நகரத்து மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியோடு பேசுவார். கண்ணாடி மட்டுமே தேவைப்படுவோர் நகருக்குச் செல்ல வேண்டியதில்லை. அறுவை வேண்டுவோர் மட்டும் பயணம் செய்தால் போதும். இன்று அத்தகைய மையங்கள் நூற்றுக்கு மேற்பட்டுள்ளன.

அரசுத் துறையிலும் இதே திசையில் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. மருத்துவமனைக்குச் சென்றும் மருந்தின்றித் திரும்பும் அவலம் தீர, 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்து வழங்கும் அம்முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. இது மூன்றாம் கூற்றைச் செம்மை செய்த பணி. 2008ஆம் ஆண்டு தமிழகத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்தி, வண்டி வாடகைக்கு வழியில்லாதவரையும் மருத்துவமனை வாயிலில் சேர்த்தது. 2009ஆம் ஆண்டு தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு, பெரிய அறுவைகளின் செலவைத் தாங்கியது. ஆயினும் எந்தக் காப்பீட்டு அட்டையும் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவதில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

நான்காம் கூற்றிற்கு மிக நெருங்கி வந்தது, 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' எனலாம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வாழ்நாள் முழுதும் தொடர்பவை. மாதந்தோறும் வரிசையில் நின்று மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தால், ஏழை மாத்திரையை விட்டுவிடுவார், கூலியை விடமாட்டார். அத்தகையோரின் வீட்டு வாசலுக்கே பெண் சுகாதாரத் தன்னார்வலர் வந்து, சோதித்து, மாத்திரை தருவது இத்திட்டத்தின் உயிர்நாடி. படுக்கையில் கிடப்போர்க்கு இயன்முறை மருத்துவமும், நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இல்லத்திலேயே அளிக்க இதில் வழிவகை செய்யப்பட்டது. 2024ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் இதற்குக் கிடைத்தது.

நாம் வாழும் காலத்தில் மருத்துவம் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. நடுவண் அரசின் இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணலாம். தனியார் மருத்துவமனைகளிலும் செயலி வழியே முன்பதிவு செய்யும் வழக்கம் பெருகிவருகிறது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால், படிக்கத் தெரியாத முதியவர்க்குக் கைப்பேசித் திரையும் மற்றுமொரு கோட்டைச் சுவராகலாம். குறுஞ்செய்தியில் வரும் எண்களைப் படித்துச் சொல்ல ஒருவர், மருத்துவர் கூறியதைப் பொறுமையாக விளக்க ஒருவர், மாத்திரையின் வேளையை நினைவூட்ட ஒருவர் அங்கும் தேவைப்படுகிறார். கருவிகள் மாறினாலும் நான்காம் கூற்றின் தேவை மாறவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுள் மருத்துவராகப் போகிறவர் சிலரே. மருந்து செய்யப் போகிறவர் அதனினும் சிலர். ஆனால், நான்காவது கூறாகும் தகுதி உங்கள் ஒவ்வொருவருக்கும் இன்றே உண்டு; அதற்குப் பட்டமும் வேண்டா, பணமும் வேண்டா. உங்கள் தெருவில் கண் மங்கியவர் யார், மாத்திரையை நிறுத்திவிட்டவர் யார், மருத்துவமனைக்குச் செல்லத் துணையின்றி நோயை மறைப்பவர் யார் என்று விடுமுறை நாளொன்றில் கேட்டறியுங்கள். "ஏன் போகவில்லை?" என்று கடிந்து கேட்பதை விடுத்து, "போனால் வீட்டை யார் பார்த்துக்கொள்வார்?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான விடை அப்போதுதான் வெளிவரும்.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். முகாமிற்குப் பந்தல் அமைப்பதும் விளம்பரப் பலகை வைப்பதும் நற்பணிகளே. அவற்றோடு, துணைக்குச் செல்லும் இளைஞர் பத்துப் பேரின் பெயர்ப் பட்டியலையும், உடன் செல்லும் உறவினரின் ஒரு நாள் கூலியை ஈடுசெய்யச் சிறு நிதியையும் சேர்த்து அமைத்தால், பந்தலுக்குள் வருவோர் எண்ணிக்கை கூடும். மருத்துவமனையின் கதவு அகலத் திறந்திருந்தாலும், அதுவரை கைபிடித்து அழைத்துச் செல்பவர் இல்லையேல் ஏழைக்கு அது மூடிய கதவே.