மூடிய கதவும் மூடியிருக்கும் கதவும்

பிரிக்பீல்ட்சில் தமிழ் மாணவர்களுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். இறந்தகால எச்சம் வரும் பாடத்தில் ஆங்கில விளக்கத்தை ஒதுக்கிவிடுவேன். கதவு மூடியிருந்தது, கதவு மூடப்பட்டது இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் போதும். தமிழும் மலாயும் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு?

'செர்ரார்' என்றால் மூடுதல். 'செர்ராதோ' அதன் எச்சம். 'எ செர்ராதோ', மூடியிருக்கிறேன். 'ஆ செர்ராதோ', மூடியிருக்கிறாள். தமிழில் 'மூடி' என்ற வினையெச்சம் மாறாமல் நிற்க, யார் மூடினார் என்பதை 'இரு' காட்டுகிறது. அங்கே அந்த வேலையைச் செய்வது 'ஆபேர்' என்ற துணைவினை. மூடியவர் பெண்ணானாலும் செர்ராதோ மாறாது. இதை விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.

பெயரைத் தழுவும்போதுதான் தமிழ்ப் பழக்கம் குறுக்கே வரும். 'மூடிய' என்பது பெயரெச்சம். அது காலமும் செயலும் காட்டும், பால் காட்டாது என்கிறது நன்னூல். வந்த மகன், வந்த மகள், வந்த மாடுகள்: எல்லாவற்றுக்கும் ஒரே 'வந்த'. அதனால் 'புவெர்த்தா செர்ராதோ' என்று எழுதிவிடுகிறார்கள். புவெர்த்தா, அதாவது கதவு, அந்த மொழியில் பெண்பால். எனவே 'புவெர்த்தா செர்ராதா'. பன்மையில் 'புவெர்த்தாஸ் செர்ராதாஸ்'. தமிழ் இரண்டு எச்சங்களுக்குப் பிரித்துக் கொடுத்த வேலையை ஸ்பானிஷ் ஒரே சொல்லிடம் விட்டிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி கடினம். 'கதவு மூடியிருக்கிறது' என்பதிலும் அதே 'இரு' வருகிறதே! அதை நம்பி இங்கேயும் 'ஆ' போடுகிறார்கள். நிலையைச் சொல்ல 'எஸ்தார்' வேண்டும்: 'எஸ்தா செர்ராதா'. இந்த இடத்தில் தமிழை விட்டு மலாய்க்குப் போகிறேன். 'பிந்து தெர்துதுப்' என்றால் கதவு மூடிய நிலையில் இருக்கிறது. அதுதான் எஸ்தா செர்ராதா. 'பிந்து டிதுதுப்' என்றால் யாரோ மூடினார்கள். அது 'ஃபுவே செர்ராதா'. கிள்ளானில் படித்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு பள்ளிக் கட்டுரையிலேயே பழகியது. ஆனால் 'தெர்' என்ற முன்னொட்டு எல்லா இடத்திலும் நிலையைக் குறிப்பதில்லை. 'தெர்திடோர்' என்றால் தன்னையறியாமல் தூங்கிப்போவது. அதனால் கதவு, சன்னல், கடை இவற்றோடு அந்த ஒப்பீட்டை நிறுத்திக்கொள்வேன்.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'லேயிதோ', படித்த. 'லீப்ரோ லேயிதோ' என்றால் படித்த புத்தகம்; 'ஓம்ப்ரே லேயிதோ' என்றால் நிறையப் படித்த மனிதர். ஒன்றில் படிக்கப்பட்டது, மற்றதில் படித்தவர். ஒரே எச்சம் எப்படி இரண்டு பக்கமும் திரும்புகிறது என்று பிறமொழி மாணவர்கள் திகைப்பார்கள். நம் பெயரெச்சம் செய்பவனையும் தழுவும், செயப்படுபொருளையும் தழுவும். 'படித்த பிள்ளை', 'படித்த பாடம்' என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுவேன்.