பீடத்தில் எழுதிய பெயர்கள்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுவது தமிழர்க்கு இன்று நேற்று வந்த வழக்கமன்று. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதும், அதனை நீராட்டி நடுவதும், படையலிட்டு வாழ்த்துவதுமான கிரமங்களையெல்லாம் தொல்காப்பியம் ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் கூறுகிறதென்றால், அந்நூல் எழுந்த காலத்திலேயே அது வேரூன்றிப்போன சம்பிரதாயமாக இருந்திருத்தல் வேண்டும். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில் உருவம் ஏதுமில்லை. ஆயினும் கூடலூர் ஆநிரைப் பூசலில் பட்டவன் இன்னான் என்பதை ஏழெட்டுச் சொற்களுக்குள் அது சொல்லி முடித்துவிடுகிறது.

இவ்வகைக் கற்களுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லே. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அக்கல், எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்னும் சேவகனுக்கு உரியது. அரசன் யார், ஆண்டு எது, மாண்டவன் யாருடைய ஆள், எதன் பொருட்டு உயிர் விட்டான் என்பவற்றையெல்லாம் சொல்லிய பிறகும் கல்வெட்டியவனுக்குத் திருப்தி உண்டாகவில்லை போலும். வீரனோடு நின்ற நாயையும் உடன் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் வெட்டி, அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் பொறித்து வைத்தான். சக்கரவர்த்திகளின் நீண்ட மெய்க்கீர்த்திகளைப் படித்துக்கொண்டே போனாலும், அவர்கள் பொருட்டு மடிந்த சாதாரணச் சிப்பாய் ஒருவனின் பெயரைக் காண்பது அரிது. இங்கேயோ ஒரு நாய்க்குப் பெயர் நின்றுவிட்டது!

முதல் உலக யுத்தம் முடிந்தபின் ஆங்கில அரசாங்கத்தார் நம் தேசத்துக் கிராமங்கள் பலவற்றில் பதித்த கல்வெட்டுகள் இதற்கு நேர்மாறானவை. 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இக்கிராமத்திலிருந்து சென்றவர் இத்தனை பேர், அவர்களுள் உயிர் துறந்தவர் இத்தனை பேர் என்பதோடு அவை ஓய்ந்துவிடும். மெஸபடோமியாவின் வெயிலிலோ பிரான்சின் சேற்றிலோ செத்தவன் சொந்த ஊருக்கு ஓர் இலக்கமாகத் திரும்பி வந்தான். டில்லியின் இந்தியா கேட்டில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். பெற்ற தாய் அங்கே போய்த் தேடிப் படிக்கவா முடியும்?

சுதந்திரத்துக்குப் பின் பட்ட வீரர்களுக்கு நாம் எழுப்பும் சிலைகளிலோ பெயர்களுக்குக் குறைவே இல்லை. அவை யாருடைய பெயர்கள் என்பதுதான் விஷயம். பெருவழியோரத்துச் சிற்றூர்களில் நான் கண்ட சிலைகள் பெரும்பாலும் ஒரே ஜாடையானவை: ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்த புகைப்படத்தைச் சிற்பியிடம் கொடுத்து, சிமெண்டில் மார்பளவு உருவம் செய்வித்து, தங்க வர்ணம் பூசி, கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தியிருப்பார்கள். மீசை மட்டும் படத்தில் உள்ளதைவிட ஒரு விரற்கடை அகன்றிருக்கும். அதை நான் குற்றமாகக் கருதவில்லை. தலைக்கட்டு வரி போட்டு, கூலிக்காரரும் கொடுத்த பணத்தில் எழுந்த உருவத்திலே ஊராரின் சிரத்தை தெரிகிறதேயன்றி வேறில்லை. குற்றமெல்லாம் பீடத்தில்தான். பளபளக்கும் கருங்கல் பலகையில் திறந்து வைத்தவர், தலைமை வகித்தவர், முன்னிலை வகித்தவர்கள், நன்கொடையாளர்கள் என்று வரிசை வரிசையாகப் பொன்னெழுத்துகள் நிரம்பியிருக்க, வீரனுக்கு மிஞ்சுவன பெயர், தோற்றம், மறைவு என்ற மூன்று வரிகளே. அவன் எந்த மலையில், என்ன செய்கையில் இறந்தான் என்று தெரிந்துகொள்ள விரும்பும் வழிப்போக்கன் எதிரிலுள்ள தேநீர்க் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவரும், “பார்டர்ல சுட்டுட்டாங்க சார்” என்பதற்கு மேல் சொல்வதில்லை.

சொல்வதற்கு விஷயம் இல்லாமற் போவதில்லை. திருச்சிராப்பள்ளியில் நினைவுச்சின்னம் எழுப்பப்பெற்ற மேஜர் மாரியப்பன் சரவணனை எடுத்துக்கொள்வோம். பீகார் ரெஜிமெண்டின் முதலாவது பட்டாலியனைச் சேர்ந்த அவர், கார்கில் போரின்போது படாலிக் மலைப்பகுதியில், உயரத்தில் அரண் அமைத்திருந்த எதிரியைத் தாக்க மேலேறிச் சென்று, 1999 மே 29 அன்று தமது 26-ஆம் வயதில் பட்டார். உடலை மீட்டுக் கொணர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அரசாங்கம் அவருக்கு வீர் சக்ரா அளித்தது. இவ்வளவையும் நான்கு வரிகளில் வெட்டிவிடலாம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் ஒருவன் நின்று படித்தானானால், படாலிக் எங்கே இருக்கிறதென்று மறுநாள் வாத்தியாரைக் கேளாமல் இருக்க மாட்டான்.

ஆகையால், தம் ஊர் வீரனுக்குச் சிலை எழுப்ப முனைந்திருக்கும் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள விரும்புகிறேன். அவன் இன்னார் மகன், இன்ன படையில் இருந்தான், இன்ன இடத்தில் இன்ன காரியத்தில் பட்டான் என்பதை உடனிருந்த சிப்பாய்களிடம் கேட்டறிந்து, பீடத்தின் முன்புறம் முழுவதையும் அதற்கே கொடுங்கள். விழாவுக்கு வந்து மாலை போட்ட கனவான்களின் பெயர்களுக்குப் பின்புறம் போதும்.