திரையும் உண்மையும்

நான் கண்ட திரைப்படங்களுள், 2016ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹிடன் ஃபிகர்ஸ்' என் நெஞ்சை விட்டு நீங்காதது. அமெரிக்க விண்வெளி ஆய்வுக்கு உழைத்த, கணிதத்தில் வல்ல கறுப்பினப் பெண்டிர் மூவரின் கதை அது. அவருள் ஒருவர் கேதரின் ஜான்சன். 1962இல் ஜான் கிளென் விண்கலத்தில் உலகை வலம்வரப் புறப்படுமுன், கணிப்பொறி தந்த எண்களை இவ்வம்மையார் சரிபார்த்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

படத்தில், நிறவேற்றுமை காட்டும் கழிப்பறைப் பலகையை வெள்ளை அதிகாரி ஒருவர் உடைத்து வீழ்த்துகிறார். காண்போர் அவரை வாழ்த்துவது இயல்பே. எனினும் அவ்வதிகாரி கற்பனை மாந்தர். உண்மையில் கேதரின், எவர் இசைவையும் நாடாமல், வெள்ளையர் சென்ற கழிப்பறைக்கே தாமும் சென்று வந்தார். வாழ்த்துக்கு உரியது அத்துணிவு அன்றோ? அதனைப் பிறர் அளித்த விடுதலையாகக் காட்டினால் அவர் பெருமை குறைகின்றது. திரையில் ஒருவரைக் கண்டு வியந்தபின், அவர் வரலாற்றையும் தேடிப் படித்தல் நம் கடமையாகும்.